வீட்டுக்காரர் விட்டுப்போன ஃப்ரிட்ஜ்

மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த வீட்டை அப்பா பிடித்ததற்கு ஒரே காரணம், அதன் சமையலறையில் நின்றிருந்த ஃப்ரிட்ஜ்தான். வீட்டுக்காரரின் மகன் வாங்கிப் போட்டது. படிக்கட்டு குறுகல் என்பதால் கயிறு கட்டிப் பால்கனி வழியாக மேலே ஏற்றினார்களாம். மகன் வெளிநாடு போனபின் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் தரைத்தளத்தில் இருந்த சிறிய வீட்டுக்கு மாறிக்கொண்டார்கள். ஃப்ரிட்ஜை இறக்க அவருக்குத் தெம்பில்லை.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்களே உபயோகிச்சுக்கோங்கோ" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். சுவர், குழாய், ஒட்டடை, வெள்ளையடிப்பு எல்லாவற்றுக்கும் யார் பொறுப்பு என்று அன்று பேசினார்கள். ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்ற பேச்சு எழவே இல்லை.

எங்களுக்கு அது எதற்காகத் தேவைப்பட்டது என்பதை அப்பா அவரிடம் சொல்லவும் இல்லை. என் தங்கைக்குச் சிறுவயதிலேயே சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். அந்த நாளில் மருந்து நினைத்த நேரத்தில் கிடைக்காது. கிடைக்கும்போது வாங்கி, குளிர்ச்சியான இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். பிஸ்கட் டப்பா ஒன்றில் சீசாக்களை அடுக்கி, ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் தயிருக்குப் பின்னால் வைத்திருப்பாள் அம்மா.

விஷயம் வீட்டுக்கு வெளியே போகக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அந்தக் கட்டிடத்தில் எல்லோரும் நம்மவர்கள். கோவிலிலும் கல்யாணத்திலும் திரும்பத் திரும்பச் சந்தித்துக்கொள்கிறவர்கள். "ரெண்டு பொண்ணு இருக்கா. ஒருத்திக்கு வியாதின்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் எவன் வந்து கேப்பான்?" என்பார். கல்யாணப் பந்திகளில் தங்கை பாயசத்தைத் தொடாமல், வயிறு சரியில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். இத்தனை கல்யாணத்திலும் வயிறு சரியில்லாத ஒரே பெண் தான்தான் என்று என்னிடம் கேலி பேசுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஃப்ரிட்ஜ் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, அன்று நடந்ததையெல்லாம் அம்மாவிடம் ஒப்பிப்பாள். டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை.

ஒரு மே மாதம் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. ஆபீஸிலிருந்து வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கீழே போனார். நானும் கூடப் போனேன்.

வீட்டுக்காரர் ஈஸிசேரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். "உங்களண்டை கொடுக்கறப்போ நன்னா ஓடிண்டிருந்தது. உபயோகிச்சவாதானே சரி பண்ணணும்?" என்றார்.

"சாமான் உங்களோடது, மாமா. வீட்டோட சேர்த்துத்தானே வாடகை வாங்கறேள்" என்றார் அப்பா.

"வாடகை வீட்டுக்கு. அதை நான் சும்மா விட்டுட்டு வந்தேன்."

"அப்படின்னா நானே ஒரு ரிப்பேர் மிஸ்திரியைக் கூப்பிட்டுப் பாக்கட்டுமா?"

"என் பிள்ளை வாங்கினது. கண்டவனும் பிரிச்சுப் போடறதுக்கு நான் விடமாட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இருக்கான். ஊருக்குப் போயிருக்கான். வந்ததும் அனுப்பறேன். செலவு உங்களோடது."

அப்பாவின் முகம் இறுகிவிட்டது. "செலவு என்னோடதுன்னா சாமானும் என்னோடதாயிருக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகு இருவரும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

அம்மா ஒரு மண்தொட்டியில் மணலைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, சீசாக்களை ஈரத்துணியில் சுற்றி அதற்குள் வைத்தாள். சமையலறையில் அடுப்பு எரியும். வெளியே வெயில் எரியும். நாங்கள் தொட்டியைக் கூடத்துக்கும் குளியலறைக்குமாக மாற்றிக்கொண்டே இருந்தோம்.

"ஏன்னா, கீழே போய் உண்மையைச் சொல்லிடுங்கோ. அவாளும் மனுஷாதானே" என்றாள் அம்மா.

"அந்த மாமிக்குத் தெரிஞ்சா ஆறு மணிக்குள்ள மாதுங்கா முழுக்கத் தெரிஞ்சுடும்."

அம்மா ஒருநாள் தானே மாமியிடம் போனாள். ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டாள். "நாமெல்லாம் ஐஸ் ஜலம் குடிச்சா வளர்ந்தோம்? பானை ஜலம் இதைவிட நன்னாயிருக்குமே" என்று மாமி நல்லபடியாகத்தான் சொன்னாள். அம்மா மேலே வந்து வெகுநேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாய்வரைக்கும் வந்தது, அப்பாவை நினைத்து விழுங்கிவிட்டேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அந்த மாதக் கடைசியில் தங்கைக்கு ஜுரம் வந்தது. ஊசி தவறாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் தாகம் அடங்கவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் கேட்டாள். பிறகு வாந்தி. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்க ஆரம்பித்தது. டாக்ஸியில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவள், "ஸ்கூல் திறந்துடுமே" என்றாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு திரும்பவே இல்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அம்மா சொன்னாள். வெயிலில் மருந்தின் வீரியம் குறைந்திருக்கலாம், ஜுரமும் சர்க்கரையை ஏற்றியிருக்கும், எதனால் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். அந்த நிச்சயமில்லாமை அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்பாவை அது கடைசிவரை தூங்கவிடவில்லை.

விசாரிக்க வந்த வீட்டுக்காரர், "திடீர்னு என்ன ஆச்சு கொழந்தைக்கு?" என்று கேட்டார். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை வருஷம் மறைத்ததை, கூடம் நிறைய மனிதர்கள் இருக்கும்போது, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்.

வீட்டுக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? அன்னிக்கே நான் தலைகீழா நின்னாவது சரி பண்ணியிருப்பேனே."

"சொல்லியிருக்கணும்" என்றார் அப்பா. பிறகு, "சொல்லாமயும் பண்ணியிருக்கலாம், மாமா" என்றார். அதில் கோபம் இல்லை. வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லப் படியிறங்கிப் போனார்.

காரியங்கள் முடிந்தபின் அவரே ஒரு மிஸ்திரியை அழைத்துவந்து, முழங்கால் வலியோடு நின்றுகொண்டே ஃப்ரிட்ஜைச் சரிசெய்து கொடுத்தார். காசைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா இருவருக்கும் காபி கொடுத்தாள். ஆனால் ஃப்ரிட்ஜ் ஓடும் இரைச்சல் கேட்கும்போது சமையலறையில் அவளால் நிற்க முடியவில்லை. சில மாதங்களில் நாங்கள் செம்பூர் திலக் நகருக்கு, வெறும் சுவர்கள் மட்டும் இருந்த ஒரு வீட்டுக்குப் போய்விட்டோம். கிளம்பும்போது அப்பாவும் வீட்டுக்காரரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

திலக் நகரில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி வருமுன்பே அப்பா, "என் ரெண்டாவது பொண்ணுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. அதிலேதான் போனா" என்று ஆரம்பித்துவிடுவார். முதலில் வந்தவர்கள் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. என்னைக் கட்டிக்கொண்டவரின் வீட்டாரிடமும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார். அப்பா சொல்லும்போதெல்லாம் அம்மா உள்ளேயிருந்து வந்து அவர் பக்கத்தில் நின்றுகொள்வாள்.