பில் யார் பேரில் போட?

எங்கள் சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரிக்குப் போய்விட்டார். அங்கே சம்பளம் கூடுதல். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு நியாயம் இல்லை. "மதினி, வேற ஆளு கெடைக்குத வரைக்கும் ஓட்டுதேன்" என்று சில வாரங்கள் ஓட்டிக் கொடுத்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை. பழைய டீசல் வண்டி குடோன் வாசலில் நின்றது. பக்கத்துக் கடைக்காரரின் பூனை அதன் அடியில் குட்டி போட்டது.

சோப்பு, பிஸ்கட், டீத்தூள் இவற்றைக் கம்பெனியிடமிருந்து வாங்கிச் சில்லறைக் கடைகளுக்குப் போடும் ஏஜென்சி எங்களுடையது. என் கணவர் தொடங்கியது. தூத்துக்குடியில் குடோன். வாரத்தில் ஒரு நாள் திருச்செந்தூர், ஆலந்தலை, மணப்பாடு, பெரியதாழை என்று கடலோரமாகவே சரக்கு போகும். அதற்குத் தெக்கு லைன் என்று பெயர். அவர் மாரடைப்பில் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் நான் அந்த லைனை விடவில்லை. பெங்களூரில் இருக்கும் மகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்வாள்: "ஏஜென்சிய யாருக்காவது எழுதிக் கொடுத்துட்டு இங்க வந்துருங்கம்மா."

போய்ப் பார்த்தேன். உயரமான அடுக்குமாடி. காலையில் அவளும் மருமகனும் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். பால்கனியில் நின்று கீழே போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் தனியாகத்தான் இருந்தேன். இங்கே என்றால் அடுக்கி வைக்கப் பெட்டிகளாவது இருக்கும். ஊருக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு ஸ்கூட்டர் நன்றாக ஓட்ட வரும். கார் லைசென்சும் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் டீசல் வண்டி என் காலுக்குப் பிடிபடவில்லை. அவர் இருந்தபோது உப்பளப் பக்கம் கூட்டிப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடும். "நீ கணக்கப் பாரு, வண்டிய நான் பாத்துக்கிடுதேன்" என்று சிரித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்வார். அந்த ஏற்பாடு அப்படியே நிரந்தரமாகிவிட்டது.

மின்சாரச் சரக்கு வண்டிக்குக் கியர் கிடையாது என்று யாரோ சொல்லக் கேட்டு, பாளையங்கோட்டை ரோட்டில் உள்ள ஷோரூமுக்குப் போனேன். சின்ன வண்டி; பின்னால் திறந்த பெட்டி. விற்பனையைக் கவனித்த பையனுக்கு என் மகளைவிட வயது குறைவு. நான் ஓட்டப் போகிறேன் என்றதும் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். பிறகு சாவியைக் கொடுத்துப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். நான் சாவியைத் திருகிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"போலாம் மேடம்."

"ஸ்டார்ட் ஆவட்டும்."

"ஆயிட்டு மேடம். சத்தம் வராது."

துறைமுகம் போகும் அகலமான சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டினேன். அது ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை. திரும்பி வந்து இறங்கும்போது சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பையன் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

உள்ளே உட்கார வைத்து விவரம் சொன்னான். "ரோடு டாக்ஸ் கிடையாது மேடம். ஜி.எஸ்.டி.யும் கம்மி. அதுவும் உங்களுக்குக் கிரெடிட்டா திரும்ப வந்துரும்." பேங்க் கணக்கில் பணம் வந்து விழும் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். கேஸ் சிலிண்டருக்கு மானியம் வருகிற மாதிரி.

"பில் யார் பேர்ல போட மேடம்?"

பழக்கத்தில் ஏஜென்சி பேரையும் ஜி.எஸ்.டி. நம்பரையும் சொன்னேன். இவ்வளவு நாளும் எல்லாக் கொள்முதலும் அந்த நம்பரில்தான் நடந்தது. அவன் கம்ப்யூட்டரில் அடித்தான். திரையில் வந்த உரிமையாளர் பெயரை வாய்விட்டு வாசித்தான். என் கணவரின் பெயர். அந்தப் பெயரை வெளியாள் ஒருவர் சொல்லிக் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

"சார் வந்து ஒரு கையெழுத்துப் போடணும் மேடம்."

"அவரு இல்ல."

"எப்ப வருவாங்க?"

சுவரில் மாட்டியிருந்த வண்டிப் படத்தைப் பார்த்தேன். "வர மாட்டாரு" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் ஆடிட்டரிடம் போனேன். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்து அம்மா. எங்கள் கணக்கைப் பல வருடமாகப் பார்க்கிறார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நான் எத்தனை தடவை சொன்னேன்? அந்த நம்பர் அவரோட முடிஞ்சுபோச்சு. நீங்க வாரிசுன்னு காட்டிப் புது நம்பர் எடுக்கணும். பில் அந்த நம்பர்ல இருந்தாத்தான் கிரெடிட்."

"அந்தக் கிரெடிட் பணமா எப்ப வரும்?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டார். "பணமா வராது. நீங்க கம்பெனிகிட்ட சோப்பு வாங்கறேள், அப்ப வரி கட்டறேள். கடைக்காரருக்கு விக்கறேள், அவர்கிட்ட வரி வாங்கறேள். வாங்கின வரியில முன்னாடியே கட்டினதைக் கழிச்சுண்டு மிச்சத்தை மட்டும் அரசாங்கத்துக்குக் கட்டறேள். கழிச்சுக்கற அந்த உரிமைக்குத்தான் கிரெடிட்னு பேர்."

"வண்டிக்கும் அப்படித்தானா?"

"சொந்தத்துக்குக் கார் வாங்கினா கிடையாது. இது சரக்கு வண்டி, வியாபாரத்துக்கு ஓடறது. அதனால உண்டு. ஆனா மின்சார வண்டிக்கு வரியே கம்மி, அதனால கழிக்கறதும் கம்மி. அதே வரியை வண்டியோட தேய்மானக் கணக்குலயும் சேர்த்துக் காட்டக் கூடாது. ஒண்ணு இங்க, இல்லேன்னா அங்க."

ஆக, யாரும் எனக்கு எதுவும் தரப் போவதில்லை. நான் கட்டியதை இரண்டாம் முறை கட்டவேண்டாம் என்கிறார்கள், அவ்வளவுதான். அது புரிந்ததும் மனசுக்கு ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குக் கிளம்ப எழுந்தேன்.

"இருங்க. அவர் கணக்குல இன்னும் கழிக்காத கிரெடிட் மிச்சம் இருக்கு. அதை உங்க நம்பருக்கு மாத்திடலாம். மாத்தினப்புறம் பழையதை ரத்து பண்ணிடணும்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "நீங்க சரின்னு சொன்னாத்தான்" என்றார்.

நான் இத்தனை நாள் தள்ளிப்போட்டது இதைத்தான். இறப்புச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. ரேஷன் கார்டில் பெயர் எடுத்தாகிவிட்டது. பேங்க் கணக்கும் மாறிவிட்டது. ஜி.எஸ்.டி.யில் மட்டும் அவர் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மாதமும் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் வரும். அதற்காகவே அந்த போனுக்கு ரீசார்ஜ் செய்து, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டு வைத்திருந்தேன். ஆடிட்டர் ஆபீசிலிருந்து கூப்பிட்டு, "ஓ.டி.பி. வந்திருக்கா பாருங்க" என்பார்கள். அடுத்த அறையில் அந்த போன் டிங் என்று சத்தம் போடும். எழுந்து போவேன்.

புது நம்பர் வந்தது. மாற்றும் நாளில் ஆடிட்டர் ஆபீசுக்கே அந்த போனைக் கொண்டு போனேன். திரையில் கொடுப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர். பெறுபவர் என்ற இடத்தில் என் பெயர். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு எங்கள் இரண்டு பேர் பெயரையும் அப்படி அச்சில் சேர்த்துப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அவர் போன் டிங் என்றது. நம்பரை வாசித்தேன். பிறகு என் போன் டிங் என்றது. ஏற்றுக்கொண்டேன். பழைய நம்பரை ரத்து செய்ய அவர் போன் இன்னொரு தடவை டிங் என்றது. அதற்கப்புறம் அந்த போனுக்கு வருவதெல்லாம் ரீசார்ஜ் தீர்கிறது என்ற செய்தி மட்டும்தான்.

என் பேரில் பில் போட்டு வண்டி வந்தது. பச்சை நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து. விடியற்காலையில் குடோனில் ஆள் வைத்துச் சரக்கு ஏற்றி, நான் தனியாகக் கிளம்பினேன். முள்ளக்காட்டு உப்பளங்களில் வேலைக்கு வந்தவர்கள் வரப்பில் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். டீசல் வண்டியில் போனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதைக் கேட்கக் கத்தவேண்டும். இதில் டயர் சத்தமும் காற்றும் மட்டும். காயல்பட்டினம் தாண்டும்போதுதான் கவனித்தேன், நான் பேசிக்கொண்டு வருகிறேன். எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி, போன வாரம் யார் என்ன சொன்னார்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பேச ஆரம்பித்தேன்.

முன்பு வண்டிச் சத்தம் கேட்டதும் கடைக்காரர்கள் வெளியே வந்து நிற்பார்கள். இப்போது நான் இறங்கிப் போய்க் கூப்பிட வேண்டும். ஆலந்தலையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி தலைநிமிர்ந்து திடுக்கிட்டுவிட்டார்.

"என்னம்மா இது, சத்தமில்லாம வந்து நிக்கிய? டிரைவர எங்க?"

"நான்தான் அண்ணாச்சி டிரைவர்."

அவர் எழுந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவரே பெட்டிகளை இறக்கிக்கொண்டார்.

பெரியதாழைவரை போய்த் திரும்ப ஒரு சார்ஜ் காணாது. திருச்செந்தூரில் சார்ஜ் போடும் இடத்தில் நிறுத்துவேன். பக்கத்தில் கோயிலுக்கு வந்த கார்கள் நிற்கும். குடும்பம் குடும்பமாகப் புளிசாதம் பிரித்துச் சாப்பிடுவார்கள். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு அம்மா கேட்டாள். "சார்ஜுக்கு" என்றேன். அவள் சரியென்று தலையாட்டிவிட்டுப் பேரனுக்கு ஊட்டப் போனாள். நான் கொண்டுபோன இட்லியை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தின்றேன்.

ஒரு வியாழக்கிழமை திருச்செந்தூரில் அந்த மிஷின் வேலை செய்யவில்லை. திரும்பி வருவதற்குள் சரியாகிவிடும் என்று நம்பித் தெற்கே போனேன். பெரியதாழையில் சரக்கை இறக்கிவிட்டுப் போன் செய்தால், இன்றைக்கு ஆகாது என்றார்கள். மணப்பாட்டுக்கு வரும்போது திரையில் சார்ஜ் சிவப்பில் இருந்தது. வெயில். மணல் மேட்டின்மேல் சிலுவைக் கோயில் வெள்ளையாகத் தெரிந்தது. எங்களிடம் சரக்கு எடுக்கும் கடை ஒன்று தெருமுனையில் உண்டு. அதை நடத்துகிறவளுக்கு என்னைவிட வயது கொஞ்சம் குறைவு. சரக்கையும் ரூபாயையும் தவிர நாங்கள் வேறு எதுவும் பேசியதில்லை. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா எக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கிய? ஐஸ்பெட்டி பிளக்கு இருக்கு. அத உருவிட்டு இத மாட்டுங்க."

"ஐஸ்கிரீம் உருகிராதா?"

"மூடிய தொறக்காம இருந்தா ஒண்ணும் ஆவாது."

அது மெதுவாக ஏறும் சார்ஜ். பொழுது சாயும்வரை ஆகும். அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். "ஒரு அடக்கத்துக்குப் போவணும். கடைய அடைக்கலாம்னு இருந்தேன். நீங்கதான் இருக்கியளே, பாத்துக்கிடுங்க. வெல எல்லாம் உங்களுக்கே தெரியுமே." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பெட்டி பெட்டியாக ஏற்றி இறக்கும் சரக்கை ஒற்றை ஒற்றையாக விற்றது அதுதான் முதல் தடவை. ஒருவர் சோப்பு வாங்கினார். உறையை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். ஒரு பெண் வேகமாக வந்து டீத்தூளும் ஏழெட்டுப் பாக்கெட் பிஸ்கட்டும் கேட்டாள். "துட்டி வீட்டுக்கு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அவர் இறந்த அன்று எங்கள் வீட்டுத் துட்டிக்கும் யாரோ இப்படி ஒரு கடைக்கு ஓடியிருப்பார்கள். அன்றைக்கு டீ போட்டது யார், குடித்தது யார், எனக்கு எதுவுமே தெரியாது. அந்தப் பெண் போன பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். கோயில் மணி அடித்தது. சவ ஊர்வலம் தெருமுனையைக் கடந்தபோது எழுந்து நின்றேன்.

அவள் திரும்பி வந்ததும் விற்ற பணத்தைக் கொடுத்தேன்.

"யாரு தவறினது?"

"ஒரு பெரிய மனுசி. மக்கமாரெல்லாம் கப்பல்ல இருக்கானுவ. ஒருத்தன்தான் வந்து சேந்தான்." என் முகத்தைப் பார்த்தாள். டீ போட்டுக் கொண்டுவந்தாள். கரண்டுக்குப் பணம் நீட்டியபோது கையைத் தள்ளிவிட்டாள். "அடுத்த வாரமும் இங்கனயே போட்டுக்கிடுங்க. நான் அந்நேரம் செத்த கண்ணசந்துக்கிடுவேன்."

அதிலிருந்து வியாழக்கிழமை மதியம் நான் அந்தக் கடையில் இருப்பேன். அவள் உள்ளே தூங்குவாள். எழுந்து வந்ததும் டீ குடிப்போம். பேச்சு அதிகம் இருக்காது. திருச்செந்தூரில் மிஷின் சரியாகிவிட்டது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

போன வாரம் போனபோது கடை அடைத்திருந்தது. தன் மகளின் பிரசவத்துக்கு அவள் நாகர்கோவில் போயிருக்கிறாள், வர மாதக்கணக்காகும் என்றார்கள். வண்டியில் சார்ஜ் போதிய அளவு இருந்தது. இருந்தாலும் அடைத்த கதவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, வழக்கமாகக் கிளம்பும் நேரம்வரை உட்கார்ந்திருந்தேன்.