வெதுவெதுப்பான தண்ணீர்

குழாய்க்காரர் என்றால் தேவாலயச் சபையில் தெரியாதவர் இல்லை. குடிநீர்ப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் குழாய் பதித்து, அடைப்பு எடுத்து, ஓய்வு பெற்றவர். இன்றும் தெருவில் யார் வீட்டில் சொட்டினாலும் ஸ்பேனரும் கையுமாகப் போய் நிற்பார். வெள்ளிக்கிழமை வேதபாட வகுப்பை நடத்துவதும் அவர்தான். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனாலும் ஒரு வசனத்தைப் பிடித்தால் அடிவரைக்கும் போகாமல் விடமாட்டார்.

அவர் மனைவி போன வருடம் இறந்துபோனாள். பத்தே நாள் காய்ச்சல். அடக்கத்தன்று வந்திருந்தவர்கள் கைகழுவத் தண்ணீர் வரவில்லை என்றதும், மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டியில் சிக்கியிருந்த மிதவையைச் சரிசெய்துவிட்டு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டார். சொட்டுக் கண்ணீர் இல்லை. கொழுந்தியாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைப் பார்த்தபோதும், வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்றுதான் அவருக்குத் தோன்றியது.

அடக்கம் முடிந்த மூன்றாவது ஞாயிறு போதகர், பைபிளில் லவோதிக்கேயா என்ற ஊரின் சபைக்கு எழுதிய கடிதத்தை எடுத்துப் பிரசங்கித்தார். அனல் என்றால் பக்தி வைராக்கியம், குளிர் என்றால் அவிசுவாசம், ரெண்டுங்கெட்டான் வெதுவெதுப்பைத்தான் ஆண்டவர் வாயிலிருந்து துப்பிவிடுவார் என்றார். "அழவேண்டிய இடத்தில்கூட அழாத நெஞ்சங்கள் இருக்கின்றன" என்று அவர் சொன்னபோது, நாலைந்து தலைகள் குழாய்க்காரர் பக்கம் திரும்பின. அவருக்குக் கோபம் வரவில்லை. வலிக்கவும் இல்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட தாடை மாதிரி, தொட்டது தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த வசனம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அனலாய் இரு, இல்லை குளிராகவாவது இரு என்று ஆண்டவர் கேட்கிறார். குளிர் அவிசுவாசம் என்றால், அதைப் போய் ஏன் கேட்கவேண்டும்?

பள்ளியில் சரித்திரம் நடத்தும் மகளிடம் கேட்டார். அவள் நூலகத்திலிருந்து பழைய நகரங்களின் இடிபாடுகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். ஒரு படத்தில் கல்லைக் குடைந்து செய்த குழாய். உள்ளே சுண்ணாம்பு கெட்டிதட்டி, விரல் நுழையும் ஓட்டைதான் மிச்சம். விளக்கம் படிக்க அவருக்கு மகள் தேவைப்படவில்லை.

"இது கெட்ட தண்ணிம்மா. தூரத்துல இருந்து வந்திருக்கு. குடிச்சா குமட்டும்."

"கடிதம் போன அந்த ஊர்தான்ப்பா. பக்கத்துல ஒரு ஊர்ல வெந்நீர் ஊத்து, உடம்பு வலிக்குக் குளிப்பாங்களாம். இன்னொரு ஊர்ல நல்ல ஜில்லுனு குடிதண்ணி. இவங்களுக்கு ரெண்டும் இல்ல, குழாய்ல வந்து சேர்றது வெதுவெதுப்புத்தான். அப்படித்தான் சிலர் சொல்றாங்க."

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் புத்தகத்தோடு போனார். போதகரும் வந்திருந்தார். பதினோரு பேருக்கும் படத்தைக் காட்டி, குளிர்ந்த தண்ணீரும் நல்ல தண்ணீர்தான், எதற்கும் உதவாததைத்தான் துப்புகிறார் என்று சொல்லி முடித்தார்.

போதகரின் முகம் சுண்டிவிட்டது. "பிரதர், வேதத்துக்கு வேதமே விளக்கம். வெளிப் புஸ்தகத்த வச்சு அளக்க ஆரம்பிச்சா, நாளைக்கு எதை நம்புறது, எதை விடுறது?"

"நான் அளக்கலங்க ஐயா. கடிதம் அந்த ஊருக்குத்தானே போச்சு? அவங்களுக்குத் தினமும் குடிச்ச தண்ணி. சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. நாம குடிக்கல, அதனால கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு."

வகுப்புக்கு வந்திருந்த கொழுந்தியாள் கேட்டாள்: "அப்ப நீங்க எந்தத் தண்ணி அத்தான்?"

குத்திக்காட்டத்தான் கேட்டாள். அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"தெரியலம்மா. இப்போதைக்குத் தண்ணியே வரல."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். போதகர் ஜெபித்து வகுப்பை முடித்துவைத்தார்.

அடுத்த வாரம் வகுப்பைப் பழைய தபால்காரரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். "கொஞ்ச நாள் ஓய்வா இருங்க பிரதர்" என்று போதகர் பட்டும் படாமலும் சொன்னார். குழாய்க்காரர் சரி என்றார். ஜெயித்ததாகவும் தோன்றவில்லை, தோற்றதாகவும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார். கொழுந்தியாள் இப்போது அவர் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டாள். அதிகம் பேசுவதில்லை. வாரம் ஒருமுறை வந்து அவர் சட்டைகளை எடுத்துப்போய்த் தேய்த்துக் கொண்டுவருகிறாள்.

ஒரு மாதம் கழித்துப் போதகர் குழாய்க்காரர் வீட்டு வாசலில் வந்து நின்று, அந்தப் புத்தகத்தைச் சும்மா புரட்டிப் பார்க்கவேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தார். புத்தகம் போய் ஐந்து மாதமாகிறது. நூலகத்தில் கேட்கிறார்கள் என்று மகள் நச்சரிக்கிறாள்.

"படிக்கட்டும்மா" என்கிறார்.