சார்ட்டில் எழுதிய தண்ணீர்

வெள்ளைக்காரச் சிஸ்டருக்கு நோயாளிகளைவிடக் கட்டில் சக்கரங்களின் மேல்தான் கண் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். பொய்யில்லை. காலை ஆறரைக்கு அந்த அம்மாள் வார்டுக்குள் நுழையும்போது முப்பது கட்டில்களின் சக்கரங்களும் ஒரே பக்கம் திரும்பி நிற்க வேண்டும். தலையணை உறையின் வாய் வாசலைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் தலையணையை உருவித் தரையில் போட்டுவிட்டு, புத்தகத்தில் படித்த தமிழில், "இது ஆஸ்பத்திரியா, சத்திரமா?" என்று கேட்பார். தலை வைத்துப் படுத்திருந்தவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்ப்பாள். நாங்கள் தரையைப் பார்ப்போம்.

அருப்புக்கோட்டையில் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தது இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில். படித்து முடித்த நர்ஸுகள் பட்டாள ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பார்த்த வேலையெல்லாம் படிக்க வந்த எங்கள் தலையில் விழுந்தது. விடியும் முன்னே ஜெபம். அப்புறம் வார்டு. முப்பது பேருக்கு உடம்பு துடைத்து, படுக்கை மாற்றி, மலச்சட்டி கழுவி, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சல் பார்த்து எழுதி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். இரண்டு மணிக்கு வகுப்பு. உடம்பில் எத்தனை எலும்பு என்று சிஸ்டர் கேட்பார். என் உடம்பில் இருக்கிற எலும்பெல்லாம் தனித்தனியாக வலிக்கும்போது அதை எண்ணிச் சொல்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். தப்பினால் வகுப்பு முடியும்வரை நிற்க வேண்டும். நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன். அந்தப் படிப்பில் நான் முதலில் தேறிய பாடம் அதுதான்.

ஆறு மாதம் இப்படிப் பார்ப்பார்கள். தேறினால் தலையில் வெள்ளைத் தொப்பி வைத்து மேற்கொண்டு படிக்க விடுவார்கள். தேறாவிட்டால் டிரங்குப் பெட்டியோடு வீடு. வீடு என்றால் எனக்குத் திருச்சுழிக்கு மேற்கே ஒரு கரிசல் கிராமம். அங்கே பெண்டாட்டியைப் பறிகொடுத்து, மூன்று பிள்ளைகளோடு என் தாய்மாமன் காத்துக்கொண்டிருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். குடித்தால் கை நீளும். அம்மா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். எங்கள் ஊர்ச் சர்ச் உபதேசியார் குறுக்கே விழுந்து, "ஆறு மாசம் பொறுங்க, பிள்ள தேறலைன்னா ஒங்க இஷ்டம்" என்று சொல்லித்தான் என்னை அனுப்பி வைத்தார். ஆகவே எனக்குத் தொப்பி என்பது வெறும் தொப்பியில்லை.

ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது என்னோடு அதே வார்டில் இருந்த காரியாபட்டிப் பக்கத்துப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை மிஞ்சிப்போய், காய்ச்சல் குச்சியை வைக்காமலே நாலு பேருக்கு டிகிரியைச் சார்ட்டில் எழுதிவிட்டாள். "பொய் எழுதும் கைக்கு இங்கே இடமில்லை" என்றார் சிஸ்டர். அன்று மத்தியான பஸ்ஸிலேயே அவள் போனாள். அவள் பார்த்த பதினைந்து கட்டிலும் எனக்கு வந்தது. முப்பது கட்டிலை ஒருத்தி எப்படிப் பார்ப்பாள் என்று அந்த அம்மாள் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், ஒருத்தி ஏன் பொய் எழுதினாள் என்பதும் அவருக்கு விளங்கியிருக்கும்.

அந்த வாரத்தில்தான் எம்.ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை பெற்றவளை வண்டியில் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம் வீட்டிலேயே ஆகி நாலு நாள். என் வயதுதான் இருக்கும். காய்ச்சல் அனலாக அடித்தது. கூடவே மாமியார், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. டாக்டரம்மா பார்த்துவிட்டு, மருந்து கொடுத்து, மணிக்கு ஒரு டம்ளர் காய்ச்சி ஆறிய தண்ணீர் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சிஸ்டர் அதற்கென்று தனியாக ஒரு சார்ட்டில் கோடு போட்டு என்னிடம் நீட்டினார். "ஒவ்வொரு மணிக்கும் நீயே கொடு. கொடுத்தபின் எழுது" என்றார்.

முதல் டம்ளரை நான் கொண்டுபோனபோதே மாமியார் எழுந்து வாங்கிக்கொண்டார். "நான் குடுத்துக்கிறேன் தாயி. நீ போயி மத்தவுகளப் பாரு. ஒத்தப் பிள்ளை எம்புட்டுத்தான் ஓடுவே" என்றார். இத்தனை மாதத்தில் அந்தக் கட்டடத்துக்குள் எனக்காக இரங்கி ஒருவர் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். கண் கலங்கிவிட்டது. டம்ளரைக் கொடுத்துவிட்டு, சார்ட்டில் எழுதிவிட்டு, அடுத்த கட்டிலுக்கு ஓடினேன்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் சீமையில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், காய்ச்சி ஆறியதானாலும் சரி. பச்சை உடம்பில் தண்ணீர் சேர்ந்தால் சன்னி கண்டுவிடும் என்பார்கள். சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம் ஒரு மடக்கு, அவ்வளவுதான். நாக்கு ஒட்டிக்கொண்டு தவித்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு இருப்பார்கள். என் அம்மாவை அப்படி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கடல் தாண்டி வந்த சிஸ்டருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். மாமியார் கையில் டம்ளரைக் கொடுக்கும்போதே எனக்குள் ஏதோ உறுத்தியது. நின்று குடிக்க வைத்திருந்தால் கால் மணி நேரம் போயிருக்கும். அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு இருபத்தொன்பது கட்டில் இருந்தது. அதனால் உறுத்தலை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

மறுநாளும் அப்படியே. மணிக்கு ஒரு டம்ளர். கொண்டுபோவேன், மாமியார் வாங்கிக்கொள்வார், நான் எழுதுவேன். மத்தியானம் ஒரு தடவை போனபோது அந்தப் பெண் கண்ணைத் திறந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். அது மாமியார் கைக்கு மாறியபோது பார்வையும் கூடவே மாறியது. நான் எழுதிக்கொண்டு நகர்ந்தேன்.

நாலு மணிக்குக் கட்டிலடியைத் துடைக்கக் குனிந்தபோது ஒரு பித்தளைத் தூக்குவாளி தட்டுப்பட்டது. தட்டு போட்டு மூடியிருந்தது. நகர்த்தப் போனேன், கனத்தது. திறந்தேன். விளிம்புவரை தண்ணீர்.

வேறு சீமையாக இருந்தால் ஜன்னல் வழியாகக் கொட்டியிருப்பார்கள், ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கும். எங்கள் ஊர்க்காரிக்குத் தண்ணீரைக் கொட்டக் கை வராது. அதுவும் நல்ல தண்ணீர். ஆஸ்பத்திரிக் கிணறு உப்பு. குடிக்கிற தண்ணீர் பீப்பாயில் வண்டி கட்டி வரும். ஒரு டம்ளரைக்கூடச் சிந்தாமல் சேர்த்து வைத்திருந்தார் அந்த மனுஷி.

"ஒரு டம்ளர்கூடக் குடுக்கலையா?" என்று கேட்டேன். 

"பச்ச ஒடம்புக்காரிக்கா? நல்லாக் கேட்டியே" என்றார். "வேணாமுன்னு திருப்பிக் குடுத்தா அந்த வெள்ளைக்காரம்மா ஒன்னையத்தான வையும். நீ ஏச்சு வாங்கக் கூடாதுன்னுதான் வாங்கி வச்சேன்."

நான் ஒரு டம்ளர் மொண்டு அந்தப் பெண்ணின் தலையைத் தூக்கி வாயில் வைத்தேன். முந்தின நாள் வைத்திருந்தால் மடமடவென்று குடித்திருப்பாள். இப்போது பாதி மயக்கம். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. மாமியார் என் கையைப் பிடித்து இழுத்தார். "வேணாம் தாயி, எம் மருமகளக் கொன்னுறாத" என்று அழுதார். அந்த இழுபறியில்தான் டாக்டரம்மா சாயங்காலச் சுற்றுக்கு வந்தார். பின்னாலேயே சிஸ்டர். அவர்களைக் கண்டதும் மாமியார் வாளியைக் கட்டிலடியில் தள்ளிவிட்டுக் குழந்தையோடு வராந்தாவுக்கு ஒதுங்கினார்.

அப்போது ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்ற ஒரு செட்டுக் குழாய்தான் நல்ல நிலையில் இருந்தது. சண்டையில் ரப்பர் சாமான் கிடைக்கவில்லை. அன்று இன்னொருத்தி, ரத்தப்போக்கில் வெளுத்துப்போய், கோடிக் கட்டிலில் கிடந்தாள். டாக்டரம்மா இவளுடைய நாக்கை இழுத்துப் பார்த்தார். சார்ட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நாக்கு இப்படி வறண்டு கிடக்கே. இத்தனை டம்ளரும் குடிச்சாளா?"

சிஸ்டர் அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் மத்தியான பஸ்ஸும் டிரங்குப் பெட்டியும் மாமாவின் கையும் என் கண்ணுக்குத் தெரிந்தன.

"குடிச்சா, டாக்டரம்மா" என்றேன்.

"அப்ப காய்ச்சல் வறட்சிதான். வாயாலேயே இறங்குதுன்னா சலைன் வேண்டாம். அந்தக் கோடிக் கட்டிலுக்குப் போடுங்க."

கோடிக் கட்டிலில் இருந்தவள் பிழைத்துக்கொண்டாள். சலைன் இவளுக்குப் போயிருந்தால் அவள் போயிருப்பாள் என்று சொல்லி நானே என்னைத் தேற்றிப் பார்த்திருக்கிறேன். இந்தக் காய்ச்சலில் எத்தனை தண்ணீர் கொடுத்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. யாருக்குச் சலைன் என்று தீர்மானிக்க வேண்டியவர் டாக்டரம்மா. அவருக்கு நான் பொய்யைக் கொடுத்துத் தீர்மானிக்க விட்டேன். சாகிறவள் தாகத்தோடு சாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ராத்திரி மாமியார் கண்ணயர்ந்தபோது நான் வாயில் விட்ட தண்ணீரும் கடைவாயில்தான் வழிந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் போய்விட்டாள். டாக்டரம்மா ஆபரேஷன் அறையில் இருந்தார். சிஸ்டர்தான் வந்தார். மாமியார் குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.

"ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கலையே ஆத்தா! தண்ணி தண்ணின்னியே, மனசக் கல்லாக்கி வச்சிருந்தேனே! அம்புட்டுப் பத்தியமா வச்சும் போயிட்டியே!"

வார்டே கேட்டது. முப்பது கட்டிலும் கேட்டது. ஒருத்தி முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. அத்தனை பேரும் எங்கள் சீமைக்காரிகள். நல்ல மாமியார், பத்தியம் தவறாமல் பார்த்திருக்கிறாள் என்றுதான் அவர்களுக்குப் பட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த அழுகைக்குள் இருந்த சேதியின் அர்த்தம் தெரிய வேண்டிய ஒரே ஆளுக்கு அழுகைத் தமிழ் புரியவில்லை. சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஸ்திரீ என்ன சொல்லுகிறாள்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இனி அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அந்த வாசல் வழியாக நாளைக்கு இன்னொரு பிள்ளை பெற்றவள் வருவாள். அவளுக்காவது யாராவது நின்று குடிக்க வைத்திருப்பார்கள். இதெல்லாம் எனக்கு அந்த நேரத்திலேயே தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

"மருமக ரொம்ப நல்லவளாம், சிஸ்டர். அதைச் சொல்லி அழுகிறாக" என்றேன்.

சிஸ்டர் தலையை ஆட்டினார். என் தோளில் கை வைத்தார். அந்தக் கை மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு உதறிவிட வேண்டும்போல் இருந்தது. சாயங்காலம் வண்டி வந்தது. மாமியார் குழந்தையோடு ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, "ஒனக்குத்தான் வீணா அலைச்சல் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் இரண்டு மணி வகுப்பில் சிஸ்டர் அந்தச் சார்ட்டைக் கொண்டுவந்தார். எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். மணிக்கு மணி, ஒரு கட்டம்கூட விடுபடாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் என் கையெழுத்து வரிசையாக நின்றது. "ஒரு நர்ஸ் உண்மையுள்ளவளாயிருந்தால் அவளுடைய சார்ட் இவ்விதம் இருக்கும்" என்றார். "நோயாளி மரித்தாள். ஆனால் நாம் குற்றமற்றவர்கள் என்று இந்தக் காகிதம் சாட்சி சொல்லுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவளுக்குத் தொப்பி கொடுக்கப்படும்."

பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலருக்குப் பொறாமை. சிஸ்டர் காத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று, "தேங்க் யூ, சிஸ்டர்" என்றேன்.