சம்பந்திகளின் ஈறுகள்

பல் துலக்கும் பிரஷ்ஷைச் சிவப்பு நிறத்தில் தேடி வாங்குகிற ஆள் நான். ஈற்றிலிருந்து கசிகிற ரத்தம் அதன் நாரில் ஒட்டியிருந்தால் வீட்டில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் காரணம். ஐம்பதைத் தாண்டியவன்; திண்டுக்கல் வட்டாரத்தில் ஆயுள் காப்பீடு பிடித்துக் கொடுத்தே வீடு கட்டியவன்; "உடம்புல என்ன கோளாறு இருந்தாலும் மறைக்காமச் சொல்லிருங்கண்ணே, பின்னாடி சிக்கலாயிரும்" என்று நத்தத்திலும் வடமதுரையிலும் வாசல் வாசலாக நின்று உபதேசிப்பவன். அப்படிப்பட்டவன் ஒரு பிரஷ்ஷுக்கு இம்புட்டு யோசித்திருக்கிறான். இதை எழுதவே கூசுகிறது. ஆனால் இது கூச்சத்தின் தொடக்கம் மட்டுமே. மீதி முழுவதும் என் சம்பந்தியைப் பற்றியது.

சம்பந்தி என்றால் என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் முருங்கை போட்டிருக்கிறார். உயரமான மனிதர், எப்போதும் தோளில் துண்டு, பேச்சின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு 'ங்க'. அவர் வீட்டுக்கு முதன்முதலில் பெண் பார்க்கப் போன நாள் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. எங்கள் பக்கம் இப்போதெல்லாம் கல்யாணப் பேச்சில் ஜாதகத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்கப்படுவது சர்க்கரையும் பிரஷரும்தான். யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. அது மரியாதை ஆகாது. காப்பிக்குச் சர்க்கரை போடலாமா, ஊறுகாய் வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். எனக்குப் பிரஷர் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊறுகாயைப் பார்த்து நான் தயங்கினால் மகனின் ரத்தத்தில் அவர்களுக்குச் சந்தேகம் வரும் என்று தோன்றியது. ஆகவே கேட்டு வாங்கி இரண்டு முறை போட்டுக்கொண்டேன். எதிர் இலையில் அவரும் அதே சுறுசுறுப்போடு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். பெரிய மனிதர்கள் இருவர் ஒருவரையொருவர் ஏமாற்றுவதற்காகப் போட்டி போட்டு உப்பைத் தின்ற அந்தக் காட்சியின் அழகு எனக்கு வெகுகாலம் புரியவில்லை.

ஒன்றை மட்டும் அன்றே கவனித்தேன். அவருடைய சொந்தத் தோட்டத்து முருங்கைக்காய், சாம்பாரில் கொழுகொழுவென்று கிடந்தது. அதை அவர் கடிக்காமல் இலையோரம் ஒதுக்கிவிட்டார். என் இலையோரத்திலும் அப்படித்தான். நாரைக் கடித்து இழுத்தால் ஈறு வலிக்கும், ரத்தம் வரும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் அதே தொந்தரவாக இருக்கலாம் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அக்கறை இல்லை. கிளம்பும்போது துண்டை எடுக்கக் குனிந்தவரின் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். என் பையில் அந்த நேரம் இருந்த அதே அட்டை. சின்ன வெள்ளை மாத்திரை, பிரஷருக்குத் தினம் காலையில் ஒன்று.

"கேஸ் மாத்திரைங்க" என்றார்.

"எனக்கும் அந்தக் கேஸ் தொந்தரவு உண்டுங்க" என்றேன். சம்பந்தம் அப்போதே முடிவாகிவிட்டது என்று சொல்லலாம்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் காய்கறி மூட்டையோடு வருவார். சிரிக்கும்போது துண்டால் வாயை மூடிக்கொள்வார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் பணிவாக இருக்கிறார் என்று நினைத்து, அந்தப் பணிவை நான் ரசிக்கவும் செய்தேன். உண்மையில் அவருடைய ஈறு தடித்துப் பற்களின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்து, கன்னம் வீங்கி வந்து நின்றார். பெண் கொடுத்தவர் தனியாக வைத்தியம் பார்த்தார் என்று ஊரில் பேச்சு வரலாமா? எங்கள் வீட்டில் இரவு தங்கவைத்து, காலையில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பல் டாக்டரம்மாவிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். கடைசிவரை பக்கத்தில் இருப்பதுதான் முறை என்று சிகிச்சை அறைக்குள்ளும் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கெடுத்தது அந்த முறைதான்.

அன்று காலை நான் என் மாத்திரையைக் குளியலறைக்குள் வைத்துக் குழாய்த் தண்ணீரில் விழுங்கியிருந்தேன். விருந்தாளிக்கு அந்த வசதி கிடையாது. அவர் தண்ணீர் கேட்டால் ஒருவர் சொம்போடு வந்து எதிரிலேயே நிற்பார். ஆகவே அன்றைக்கு அவர் மாத்திரை போடவே இல்லை. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அறையில் டாக்டரம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார்: பிரஷர், சுகர், தினமும் போடுகிற மாத்திரை ஏதாவது? சம்பந்தி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அதெல்லாம் ஒன்றும் கிடையாதுங்க என்றார். கூட வந்தவர் என்ற முறையில் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை என்றேன். இந்த வாக்கியத்தை எத்தனையோ பேர் என் முன்னால் சொல்ல, நான் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு மறுபடி கேட்டிருக்கிறேன். டாக்டரம்மா சின்னப் பெண், பெரியவர்கள் சொன்னதை நம்பிவிட்டார்.

பல் சுலபமாக வந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொன்றும் நனைந்து வந்தது. சம்பந்தியின் முகம் சிவந்து, நெற்றியில் வியர்வை பூத்தது, தலை கிறுகிறுக்கிறது என்று கையால் காட்டினார். டாக்டரம்மா பிரஷர் பார்க்கும் பட்டையை எடுத்துவந்து கையில் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஐயா, நெஜமாவே மாத்திரை ஏதும் சாப்பிடலையா?" என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சு. அவரால் பேச முடியாது. அவர் கண் என் மேல் நின்றது. எனக்குப் பதிலாக நீ சொல் என்று கெஞ்சுகிற கண்ணா, சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற கண்ணா, இன்றுவரை தெரியவில்லை. நான் சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரை எனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் என் மண்டைக்குள் ஓடிய ஒரே சிந்தனை. ஒரு மனிதர் கண்ணெதிரே ரத்தம் விட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொரு மனிதன் இப்படியும் யோசிக்க முடியும். நானே பார்த்திருக்கிறேன், உள்ளேயிருந்து.

ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று டாக்டரம்மா போனை எடுத்த பிறகுதான் என் கை சட்டைப் பைக்குள் போனது. அட்டையை மேசைமேல் வைத்தேன்.

"இதத்தாம்மா சாப்பிடுறாரு."

"அவரு மாத்திரை உங்க பையில எப்படி சார்?"

"இது என்னுது. அவரும் இதேதான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை. உடனே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தானும் கூடவே வந்தார். பிரஷரை இறக்கி, தையல் போட்டு, ரத்தம் நின்று சம்பந்தி கண் திறந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. வீங்கிய வாயோடு அவர் முதலில் பேசியது என்னிடம்தான்.

"கேஸ் மாத்திரைன்னு பொய் சொல்லிப்போட்டனுங்க சம்பந்தி. மனசுல வச்சுக்காதீங்க."

அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் கையைத் தட்டிக்கொடுத்து, பரவாயில்லை என்று பெருந்தன்மையாக மன்னித்தேன். நான் சொன்ன பொய்யை அவர் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் டாக்டரம்மா எங்கள் இருவரையும் சேர்த்தே வரச்சொன்னார். இந்த வகை மாத்திரை சிலருக்கு ஈற்றைத் தடிக்க வைக்கும். அதற்காக நாமாக நிறுத்திவிடக் கூடாது, பிரஷர் பார்க்கிற டாக்டரிடம் சொன்னால் அவர் வேறு மாத்திரைக்கு மாற்றலாம். ஈற்றில் புண்ணும் சீழும் இருந்தால் பிரஷரும் லேசில் அடங்காமல் போகலாம் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு என்னைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொன்னார். வாயால் பிழைப்பவன், வாழ்க்கையில் முதல்முறையாகப் பேசுவதற்காக அல்லாமல் வாயைத் திறந்தேன். உள்ளே பார்த்துவிட்டு அவர் சம்பந்தியைக் கூப்பிட்டு, உங்கள் ஈறு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் இங்கே பாருங்கள் என்றார். அவர் குனிந்து, கரிசனத்தோடு, நிதானமாகப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் என் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். குடும்ப மானம், மகன் வாழ்க்கை, பிரஷர் என்று தெரிந்தால் பெண் கொடுத்திருப்பார்களா என்கிற பயம் என்று என் பக்கத்து நியாயங்களை ஒன்றுவிடாமல் அடுக்கினேன். அவள் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பூ வைப்பதற்கு முன்பே அவளும் சம்பந்தியம்மாளும் போனில் இரண்டு பேருடைய பிரஷரையும் பேசி முடித்துவிட்டார்களாம். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"பிரஷருக்குப் பயந்தா பொண்ணு குடுக்காமப் போவாக? உங்களையே நேர்ல பாத்துட்டுத்தான குடுத்தாக."