காதர் பாய் வீட்டில் பூண்டு இல்லை

போன மாதம் ஒரு மத்தியான நேரம். மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினால், பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா என் வாசலில் நின்றுகொண்டிருக்கிறார். முக்காடு நழுவித் தோளில் கிடக்கிறது. காலில் செருப்பு இல்லை.

“செத்த வாரியாம்மா... பஞ்சு எந்திரிக்க மாட்டேங்குது.”

பஞ்சு அவர்கள் வீட்டுப் பூனை. உடம்பு முழுக்க வெள்ளை. எங்கள் தெருவில் மதில் மேல் நடக்கும்போது ஒரு மகாராணித் தோரணை இருக்கும். என்னை எல்லாம் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். காதர் பாயின் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டதற்குக் காது மட்டும் லேசாக அசைந்தது. அக்கா அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

“நேத்துலருந்து ஒண்ணுக்குப் போனா காப்பித் தண்ணி மாதிரிப் போகுதும்மா. சூடு புடிச்சிருக்குன்னு நெனச்சேன்.”

கட்டிலில் காதர் பாய். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். டக்... டக்... டக்... வாய் பேச வராத மனிதர் வேறு எப்படிக் கத்துவார்?

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காதர் பாய் கல்யாண வீட்டு பிரியாணி மாஸ்டர். செம்பட்டி, சித்தையன்கோட்டை, கன்னிவாடி என்று எங்கே பந்தல் போட்டாலும் அவருடைய அண்டா போய் இறங்கும். உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும் கூடை கூடையாக அவர் வீட்டு வாசலில் இருக்கும். மூடியைத் திறக்காமலே, வருகிற ஆவியை முகர்ந்து “உப்பு பத்தலடா” என்று சொல்லக்கூடியவர். ஊரே அவர் கையைப் புகழ்ந்தது.

அந்தக் கைதான் விழுந்தது. போன வருஷம் பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ‘வேணாம்’ என்ற ஒரு சொல் மட்டும், ஏனோ, நின்றுவிட்டது. பசிக்கிறதா என்று கேட்டாலும் வேணாம். டிவி போடவா என்றாலும் வேணாம். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே வேணாம். ஆயுசு முழுக்க ஊருக்குப் பரிமாறிய மனிதருக்கு இன்னொருவர் ஊட்டிவிடுவது பொறுக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொள்வார். உடம்பு பாதியாகிப் போனது.

அந்தச் சமயத்தில்தான் எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் குட்டி மதில் தாண்டிக் குதித்து, நேராக அவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்தது.

பாய் தன் தட்டிலிருந்து ஒரு கறித்துண்டை இடது கையால் எடுத்து அதற்குக் கொடுத்தார். தின்றது. இன்னும் வேண்டும் என்று முகத்தைப் பார்த்தது. இன்னொரு துண்டு கொடுத்தார். அப்புறம், என்ன நினைத்தாரோ, மூன்றாவதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

அடுக்களை வாசலில் நின்று அதைப் பார்த்த மும்தாஜ் அக்கா அழுதுவிட்டாராம்.

அன்றிலிருந்து அதுதான் முறை. அதற்கு ஒரு வாய், இவருக்கு ஒரு வாய். பூனை வராவிட்டால் சாப்பாடு இறங்காது. பூனைக்குப் பிடிக்கும் என்று அக்கா சால்னாவைக் கூடுதல் வாசனையாக வைக்க ஆரம்பித்தார். மருந்து மாத்திரை செய்யாததை அந்தப் பூனை செய்தது என்று தெருவே பேசியது. நானும்தான் பேசினேன்.

சரி, அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

பஞ்சுவை ஒரு துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோனோம். கால்நடை க்ளினிக்கில் இருந்த டாக்டரம்மாவுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். பேச்சிலேயே தெரிந்தது. பூனையைத் தொட்டுப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். முகம் மாறியது.

“ஏனுங்க, பூனைக்கு என்னங்க சாப்பாடு வைக்கிறீங்க?”

“எங்க வீட்ல என்ன ஆக்குறமோ அதுதேன் டாக்டரம்மா. கறிக்கொழம்பு, கோழிச் சால்னா, வாரத்துல ஒருக்கா பிரியாணி. ஒரு கொறையும் வைக்கிறதில்ல.”

கடைசி வாக்கியத்தை அக்கா கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

“கொழம்புல வெங்காயம், பூண்டு போடுவீங்களா?”

இது என்ன கேள்வி? திண்டுக்கல்லில், அதுவும் பிரியாணி மாஸ்டர் வீட்டில்...

“அது இல்லாம கொழம்பு எப்புடிம்மா?”

“அதுதானுங்க விஷயம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷமுங்க. ரத்தத்துல இருக்கற சிவப்பணுவை உடைச்சுப்போடும். ஒரே நாள்ல நிறையப் போனாலும் ஆபத்து, தினமும் கொஞ்சங் கொஞ்சமாப் போனாலும் ஆபத்து. வேக வெச்சாலும், வதக்குனாலும், பொடி பண்ணுனாலும் அந்த விஷம் போகாதுங்க.”

அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார்.

“மஞ்சத்தூளு?”

“கறியில ஒரு சிட்டிகை ஒட்டியிருந்தா ஒண்ணும் பண்ணாதுங்க.”

“மொளகாத்தூளு?”

“வாயும் வயிறும் எரியும். வாந்தி வரும். மிளகும் அப்படித்தானுங்க.”

“பட்டை, கிராம்பு?”

“அளவு கூடுனா ஈரலைக் கெடுக்கும்.”

“சாதிக்கா போடுவோமே, வாசத்துக்கு...”

“அது வேண்டவே வேண்டாமுங்க. நரம்பைத் தாக்கும்.”

“சீரகம்? மல்லி?”

“கொஞ்சூண்டு பட்டா பயமில்லைங்க. ஆனா அதுக்கு எதுக்குங்க மசாலா? வெறுங்கறியை வேக வெச்சுப் போட்டாப் போதும். உப்புக்கூட வேண்டாம்.”

மனசுக்குள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கிண்ணமாக அவர் விசாரித்தது எனக்குப் புரிந்தது. எதிலாவது ‘இது நல்லதுங்க’ என்று ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று. வரவில்லை.

“அப்ப... நான் ஆக்குன சோறா டாக்டரம்மா?”

“தெரிஞ்சுட்டு யாரும் வைக்கறதில்லைங்க.”

இல்லை என்று அவர் சொல்லவில்லை. கவனித்தீர்களா?

பஞ்சுவுக்கு ட்ரிப் ஏற்றினார்கள். ஊசி போட்டார்கள். சில நாள் அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். “புது ரத்தம் ஊறுச்சுன்னா பிழைச்சுக்கும். இனிமே வெங்காயம், பூண்டு பட்ட எதுவும் வாயில போகக்கூடாது” என்று கண்டிப்பாகச் சொன்னார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும்தான் நிஜமான கஷ்டம்.

அக்கா பஞ்சுவுக்குத் தனிக் கிண்ணத்தில் வெறும் கோழியை வேகவைத்து வைத்தார். பூனை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, தள்ளாடித் தள்ளாடிப் பாயின் கட்டிலுக்கே போனது. அவரும் வழக்கம்போலத் தட்டில் கைவைத்தார். அக்கா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“குடுக்காதீக! அது உசுருக்கு ஆகாதாம். பூண்டு விஷமாம்!”

பூண்டு விஷமா? பாய் தன் மனைவியை, புத்தி பிசகியவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். கூடை கூடையாக உரித்துக் கொட்டியவர் அவர். கையை உதறினார். தட்டு பறந்தது. குழம்பு சுவரெல்லாம்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் பஞ்சுவை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினார் அக்கா. அது உள்ளே இருந்து மெல்லக் கத்தியது. பாய் வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை. “வேணாம்... வேணாம்...” மறுபடியும் பழைய கதை.

சாயங்காலம் போனபோது அக்கா அடுக்களையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“இவுகள சாப்பிட வைக்கணும்னா அதக் கொல்லணும். அத வாழ வைக்கணும்னா இவுகளப் பட்டினி போடணும். அல்லா என்னைய எதுல கொண்டாந்து விட்டுருக்கான் பாரும்மா...”

வாராவாரம் இந்தப் பேப்பரில் உங்களிடம் பக்கம் பக்கமாகப் பேசுகிற ஆள்தான் நான். அன்றைக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்ததோடு சரி.

வழியை அக்காவே கண்டுபிடித்தார். மறுநாள் காலையில், வீட்டில் இருந்த வெங்காயம், பூண்டு, அரைத்து வைத்த விழுது, மசாலாப் பொடி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

“நீ வச்சுக்கம்மா. எங்க வீட்ல இனிமே இது கெடையாது.”

“அக்கா, பாய் எப்படிச் சாப்பிடுவாரு?”

“பூனை திங்கிறதத்தேன் அவுகளும் திங்கணும். நானும் அம்புட்டுத்தேன்.”

அன்று மத்தியானம் நானும் கூட இருந்தேன். கோழி, தண்ணீர், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மஞ்சள். அவ்வளவுதான். உப்பும் இல்லை. அதைச் சோற்றோடு தட்டில் போட்டு, பஞ்சுவைத் தூக்கிக் கட்டிலில் விட்டு, தட்டை நடுவில் வைத்தார் அக்கா.

பாய் ஒரு துண்டை எடுத்துப் பூனைக்குக் கொடுத்தார். அது மெதுவாக நக்கி, பிறகு தின்றது. அடுத்ததைத் தன் வாயில் வைத்தார்.

மென்றார். பாதியில் நிறுத்தினார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

ஆவியை வைத்தே உப்பைக் கண்டுபிடிக்கிற மனிதருக்கு இதில் என்ன இல்லை என்று தெரியாமலா போகும்? தட்டு இப்போது பறக்கும், இப்போது பறக்கும் என்று நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

பறக்கவில்லை. அக்காவின் முகத்தையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தார். பெண்டாட்டி சொன்னது நிஜம்தான் என்று அந்த வெறுங்கறியைத் தின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் மும்தாஜ் இப்படி ஒன்றைத் தன் முன்னால் கொண்டுவந்து வைப்பாளா?

மிச்சத் தட்டையும் காலி செய்தார். அதற்கு ஒரு வாய், இவருக்கு ஒரு வாய். கண்ணிலிருந்து தண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் துடைக்கவில்லை.

இங்கே இந்தப் பத்தியை முடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பஞ்சு பிழைக்கவில்லை. சில நாள் தேறுகிற மாதிரித்தான் இருந்தது. ஒருநாள் மதில்வரை நடந்துகூடப் போனது. ஏறப் பார்த்து, முடியாமல், திரும்பி வந்து படுத்துக்கொண்டது. அப்புறம் சாப்பாட்டை நிறுத்தியது. காதின் உட்புறம் மஞ்சளாகியது. மறுபடி ட்ரிப், மறுபடி ஊசி. “ரொம்ப நாளாப் போயிருக்குதுங்க, உடம்பு தாங்கல” என்றார் டாக்டரம்மா. ஒரு காலை நேரத்தில், பாயின் மடியிலேயே அடங்கிவிட்டது.

பின்பக்கம் கறிவேப்பிலை மரத்தடியில் நானும் அக்காவும் குழி தோண்டினோம். தன்னை நாற்காலியோடு தூக்கி அங்கே வைக்கச் சொல்லிப் பாய் பிடிவாதம் பிடித்தார். எப்படிச் சொன்னார் என்று கேட்காதீர்கள். சொன்னார். வைத்தோம்.

மண்ணை மூடியதும் அக்கா அவர் காலடியில் உட்கார்ந்து வெடித்து அழுதார்.

“நான்தேன்... நான்தேன் ஆக்கி ஆக்கிப் போட்டேன். வாசமா இருக்கணும்னு ரெண்டு பல்லு கூடத் தட்டிப் போட்டேன்...”

பாய் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். “வேணாம்... வேணாம்...” பிறகு இடது கையைத் தூக்கித் தன் நெஞ்சில் அடித்தார். ஒருமுறை இல்லை, பலமுறை. கொடுத்தது நான்தான் என்கிறார்.

ஆக்கியவள் நான் என்கிறார் அக்கா. கொடுத்தவன் நான் என்கிறார் பாய். ஒரு தப்பை எதிராளி தலையில் தள்ளிவிடச் சண்டை போடும் தம்பதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தன் பக்கம் இழுத்துக்கொள்ளச் சண்டை போட்ட தம்பதியை அன்றுதான் பார்த்தேன். பார்த்து சந்தோஷப்பட முடியவில்லை என்பதுதான் துயரம்.

இப்போது எப்படி இருக்கிறார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்?

போன வாரம் அக்கா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பழைய மாதிரியே குழம்பு வைத்துப் பார்த்தார். வாசனை என் வீடுவரை வந்தது. நானும் ஆசையாக எட்டிப் பார்த்தேன். பாய் தட்டை முகர்ந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டு, வெறுங்கறியைக் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டார். பாதிதான். மீதிப் பாதியைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டார்.

அக்கா அந்தப் பாதியைக் கொட்டுவதில்லை. மதில் மேல் கொண்டுபோய் வைக்கிறார். தெருப் பூனைகள் வந்து தின்றுவிட்டுப் போகின்றன. ஒன்றுகூட உள்ளே வந்து கட்டிலில் ஏறுவதில்லை. பாயும் கூப்பிடுவதில்லை.

அன்பாக வைத்தது எப்படிக் கெடுதல் செய்யும் என்று அக்கா இன்னமும் என்னைக் கேட்கிறார். பூண்டுக்கு அன்பு தெரியாது போல... யார் வைத்தார்கள், எவ்வளவு பிரியமாக வைத்தார்கள் என்றெல்லாம் அது பார்ப்பதே இல்லை.

உங்கள் வீட்டுப் பூனைக்கு இன்று என்ன சாப்பாடு? குழம்புச் சோறா? ப்ளீஸ்... பேப்பரை மடித்து வைத்துவிட்டு, முதலில் போய் அந்தக் கிண்ணத்தை எடுங்கள்.