சர்க்கார் வயசு

என் நைனாவுக்கு வயசு இரண்டு. சிரிக்க வேண்டாம். ஒன்று சர்க்கார் வயசு, இன்னொன்று சொந்த வயசு. சர்க்கார் வயசு சொந்த வயசைவிட மூன்று வருஷம் மூத்தது. அவர் எதையாவது பெரிய மனுஷத்தனமாகச் சொன்னால், “இப்ப எந்த வயசுல பேசற?” என்று அம்மா கேட்பாள். அவர் பெல்ட்டின் பித்தளையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

உத்திரமேரூர் ஸ்டேஷனில் அவர் ஏட்டு. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, முக்கால் வாழ்க்கை கான்ஸ்டபிளாகவே இருந்து, தலை நரைத்த பிறகு கையில் மூன்று பட்டை வாங்கியவர். ஸ்டேஷனுக்குப் பின்னால் லைன் வீடு. ஓடு போட்ட இரண்டு அறை, வரிசையாக ஏழு வீடு, ஏழு வீட்டுக் கொடியிலும் காக்கி. கஞ்சி போட்டுக் காயப்போட்ட அந்தச் சட்டைகள் வெயிலில் விறைத்து நிற்கும். காற்று வந்தால் உள்ளே ஆள் இருப்பதுபோல மார்பு புடைக்கும். சின்ன வயசில் அந்தக் கொடியின் கீழே படுத்து, காக்கிக்குள் யார் மூச்சு விடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறேன்.

எனக்கு ஞாபகத்தில் இருக்கும் நைனா பாதி நேரம் தூங்குகிற நைனாதான். விடிய விடிய பாரா நின்றுவிட்டு, திருவிழா பந்தோபஸ்து முடித்துவிட்டு, கோர்ட்டுக்குக் கைதி கூட்டிப்போய் வந்து, பகலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். பாத்திரத்தைக்கூட நாங்கள் சத்தமில்லாமல் வைப்போம். என் வயசுப் பெண்களுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா வீட்டிலிருக்கும் நாள். எனக்கு அது பள்ளிக்கூடம் இல்லாத நாள், அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள் லீவு என்று போலீஸ்காரருக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. தூங்குகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கணக்கு போட்டு வளர்ந்த பெண் நான்.

நான் காஞ்சிபுரத்தில் டீச்சர் டிரெயினிங் சேர்ந்த வருஷம் அந்தக் கடிதம் வந்தது. ஐம்பத்தெட்டு வயசு முடிந்து, ஜூன் கடைசித் தேதியோடு நைனா ஓய்வு பெறுகிறார் என்று இருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் அவர் பிறந்த தேதி ஜூலை ஒன்று. முதல் தேதியில் பிறந்தவருக்கு முந்தின மாதக் கடைசி நாளோடு வேலை முடிந்துவிடும். அதோடு லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். வரப்போகிற பென்ஷன் பாதிச் சம்பளத்துக்கும் கொஞ்சம் உள்ளே. முழுச் சம்பளத்திலேயே மாதக் கடைசியில் அம்மா அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தட்டுவாள். வெளியில் வாடகை கொடுத்து, என் ஆஸ்டலுக்கும் கட்ட முடியாது. படிப்பை விட்டுவிட்டு வந்துவிடு என்று அவர்கள் வாயால் சொல்லவில்லை. ஆனால் அம்மா என் டிரங்குப் பெட்டிக்கு வீட்டில் இடம் ஒழித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர்க் கோயில் சுவரில், அந்தக் காலத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற விதியெல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். வயசு முப்பத்தைந்துக்கு மேலே, எழுபதுக்குக் கீழே இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். பெரிய மனுஷர்கள் அதைப் பார்க்க வரும்போதெல்லாம் அந்தச் சுவரோரம் பந்தோபஸ்து நிற்பவர் நைனா. அந்தச் சுவரும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது. வயசு கேட்டால் எந்த வயசு என்று முழிப்பார், சொந்த வீடு கேட்டால் தோற்றே போவார்.

எனக்குக் கோபம் வந்தால் கால் நிற்காது. நைனாவின் சொந்த வயசுக்கு இன்னும் மூன்று வருஷம் வேலை பாக்கியிருக்கிறது. அந்த மூன்று வருஷம் கிடைத்தால் நான் டீச்சர் ஆகிவிடுவேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்த ரைட்டரிடம் போய்க் கேட்டேன். அவர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு யோசித்தார்.

“கடைசி நேரத்துல ஒத்துக்குவாங்களா மாட்டாங்களா சொல்ல முடியாதும்மா. பிறப்பு ரிஜிஸ்டர் நகல் கொண்டா. மனு நான் எழுதித் தரேன். ஏட்டையா கையெழுத்து மட்டும் போடட்டும்.”

எங்கள் சொந்த ஊர் மாகறல், செய்யாற்றங்கரை. அந்த ஊர்ப் பழைய பதிவேடுகள் இருந்த ஆபீசுக்கு இரண்டு நாள் அலைந்தேன். அங்கே இருந்த வயசான குமாஸ்தா, செல்லரித்த நோட்டு ஒன்றைத் தூசி தட்டித் திறந்தார். மாகறல் பக்கத்தில் விரலை வைத்தவர், ஒரு வரியில் நின்று, பிறகு சில தாள்கள் தள்ளி இன்னொரு வரியில் நின்றார்.

“ஒங்க தாத்தா பேர்ல ரெண்டு ஆம்பளப் புள்ள கீதேம்மா. இதுல எது ஒங்க நைனா?”

அந்தக் காலப் பதிவேட்டில் குழந்தையின் பெயரை எழுதுவதில்லை. பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள். தகப்பன் பெயர், தேதி, அதற்கு நேரே ‘ஆண் குழந்தை’. அவ்வளவுதான். மூன்று வருஷம் பின்னால் இருந்த இரண்டாவது வரி, ஒரு ஆடி மாதத் தேதி. அதுதான் நைனா. முதல் வரியில் இருந்த தேதியைப் பார்த்தேன். ஜூலை ஒன்று.

அதுவரை அந்த ஜூலை ஒன்று, தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஆபீஸ்காரர்கள் குத்துமதிப்பாகப் போட்டுவிடுகிற தேதி என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அது யாரோ ஒரு குழந்தை உண்மையாகவே பிறந்த நாள். குமாஸ்தா இறப்புப் பதிவேட்டையும் புரட்டிக் காட்டினார். அதிலும் பெயர் இல்லை. எட்டு மாதம், ஜுரம். எனக்கு ஒரு பெரியப்பா இருந்திருக்கிறார். எட்டு மாதத்துப் பெரியப்பா.

நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஏரிப்பக்கமிருந்து காற்று வந்தது. கொடியில் மார்பு புடைத்து நின்ற காக்கிச் சட்டை ஞாபகம் வந்தது. அதற்குள் யார் மூச்சு விடுகிறார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டதுபோல ஒரு மயக்கம்.

நைனா சாப்பிட்டுவிட்டுக் கைகழுவி வந்ததும் நகலை அவர் முன் வைத்தேன். கண்ணாடியை மாட்டிப் படித்தார். வெகுநேரம் படித்தார், அதில் படிக்க ஒரே ஒரு வரிதான் இருந்தது.

“செங்கல்பட்டுல ஆள் எடுக்கறாங்கன்னு கேட்டு ஓடனேன்,” என்றார். “எனுக்குப் பதினாறு. ஒசரம் இருந்துது, மாரு இருந்துது. வயசுக்குச் சீட்டு கேட்டாங்க. நம்ம ஊரு மணியக்காரரு நோட்டைப் பொரட்டிப் பாத்துட்டு, ‘ஒனுக்கு வயசு பத்தலடா. ஒங்க அண்ணனுக்குப் பத்துது. எது வேணும்?’னாரு. வூட்ல நாலு பேரு பட்டினி. அண்ணனோடத குடுங்கன்னு வாங்கிக்கினு போயிட்டேன்.”

“சரி, போனது போவட்டும். இப்ப உன்னுதக் கேளு நைனா. ரைட்டரு மனு எழுதித் தரேன்றாரு.”

“வாணாம்மா.”

எனக்கு வந்த கோபத்தில் குரல் ஏழு வீட்டுக்கும் கேட்டது. “ஒரு நாயித்துக்கெழமை வூட்ல இருந்துகீறியா நீ? ஒரு தீபாவளிக்கு எங்களோட எண்ண தேச்சிக் குளிச்சிகீறியா? அந்த நாளுங்களக் கூட்டிப் பாரு, மூணு வருசத்துக்கு மேலயே வரும். சர்க்காருதான் ஒனுக்குத் தரணும். நீ அவங்களுக்கு மூணு வருசம் விட்டுக் குடுக்கறியா? இது இன்னா நாயம்?”

“நாயம்னு நான் சொன்னனா?” நைனா நிதானமாகத்தான் பேசினார். “சம்பளம் பத்தலன்னு இந்த லைன்ல மொதல்ல பேசுனவன் நான்தான். அதுக்காவ என்னைத் தூக்கி வேற ஸ்டேசன்ல போட்டாங்க, ஒனுக்கே தெரியும். அது எனுக்கும் சர்க்காருக்கும் கீற வழக்கு. இது எனுக்கும் எங்க அண்ணனுக்கும் கீறது. அந்தப் புள்ள இருந்துச்சின்றதுக்கு ஒரு போட்டோ இல்ல, ஒரு பேரு இல்ல. என் சர்வீஸ் புக்குலதான் அவனுக்கு ஒரு தேதி கீது. அது என்னுது இல்ல, தப்புன்னு நானே எழுதிக் குடுக்கவா?”

அம்மா அடுப்படியிலிருந்து மெல்லச் சொன்னாள்: “பொய்ச் சீட்டு குடுத்தன்னு பென்சனே நின்னுட்டா இன்னாடி பண்றது?” அந்தப் பயமும் நைனாவுக்கு இருந்திருக்கும். ஆனால் அதை அவர் சொல்லவில்லை. அந்த மனு எழுதப்படவே இல்லை, என் கோபமும் தீரவில்லை.

ஜூன் கடைசி நாள் சாயங்காலம் ஸ்டேஷனில் ஒரு மாலை போட்டார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஓய்வு பெறுகிறவரை ஜீப்பில் வீட்டுக்குக் கொண்டுவிடுவது வழக்கம். அத்தனை வருஷமாகப் பின்னால் தொற்றிக்கொண்டே போனவரை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். வீடோ ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், நாற்பது தப்படி. டிரைவர் எங்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஊரைச் சுற்றி ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பினார். தண்ணீரில் வெயில் சாய்ந்து கிடந்தது. கொக்குகள் நகரவே இல்லை. ஜீப் ஓடுகிறதா, ஏரி ஓடுகிறதா என்று தெரியாத ஒரு மிதப்பு. முன் சீட்டில் மாலையோடு இருந்தவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ரிட்டையர் ஆகிறவர் நைனா இல்லை, பெரியப்பா என்று தோன்றியது. அவர் தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டார் என்றும் தோன்றியது. என் கோபம் எங்கே போனதென்று தேடினேன். இருந்தது, ஆனால் அதற்கு வாய் இல்லை.

மறுநாள் ஜூலை ஒன்று. நைனா ஊருக்கு வெளியே இருந்த அரிசி மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார், எங்களுக்குத்தான் சொல்லவில்லை. அங்கேயும் காக்கிச் சட்டைதான், நம்பர் மட்டும் இல்லை. போன மாதம் வரை தனக்கு வணக்கம் வைத்த மில்காரருக்கு நைனா கேட் திறந்துவிட்டார். ஒற்றை அறை ஒன்றில் வாடகைக்குப் போனோம். பென்ஷனில் வீடு நடந்தது, மில் சம்பளத்தில் நான் படித்தேன். என் டிரங்குப் பெட்டி ஆஸ்டலிலேயே இருந்தது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர் பகலில் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்தேன்.

படிப்பு முடிந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கும் சேர்ந்தேன். நைனா ஓய்வு பெற்று மூன்று வருஷம் முடிந்து வந்த ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நைனா மில்லிலிருந்து வந்து டார்ச்சையும் தடியையும் மூலையில் வைத்தார்.

“இன்னிக்கு நான் ரிட்டையர் ஆயிட்டேன்,” என்றார்.

“யாரு சொன்னாங்க?” என்றாள் அம்மா.

“யாரு சொல்லணும்? எனுக்கு இன்னியோட அம்பத்தெட்டு. கெளம்புங்க, மாகறல் போயிட்டு வரலாம்.”

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். காக்கி இல்லாமல் அவர் சின்னவராகத் தெரிந்தார். மாகறலில் இறங்கி, கோயிலில் ஒரு சூடம் காட்டிவிட்டு, செய்யாற்றுக்குள் இறங்கினோம். ஆறு முழுக்க மணல், நடுவில் மட்டும் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர். கைக்குழந்தைகளை அந்தக் கரையோரம்தான் புதைப்பார்களாம். இடம் எது என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? ஆறு எத்தினி தபா பொரண்டுட்சி,” என்றார்.

மணலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். திடீரென்று குதிகால் இரண்டையும் சேர்த்து, விறைத்து, ஒரு சல்யூட் வைத்தார். செருப்பில்லாத கால், மணலில் சத்தமே வரவில்லை. எட்டு மாதக் குழந்தையை, ஐம்பத்தெட்டு வயசு மனுஷன் வாய் நிறைய, “அண்ணே” என்று கூப்பிட்டார். பிறகு ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அந்தத் தடத்தில் ஓடுகிற கண்டக்டர்கள் போலீஸ்காரரிடம் டிக்கெட் கேட்பதில்லை, நைனாவும் வாங்கியதில்லை. அது ஒரு மாமூல். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் அந்தக் கண்டக்டர் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் டிக்கெட் கிழித்துவிட்டு நகர்ந்தார். நைனா அவர் கையைப் பிடித்து நிறுத்தி, சில்லறையை நீட்டினார்.

“எனுக்கும் ஒண்ணு குடுப்பா.”

“இன்னா ஏட்டையா, ஒங்களுக்கு எதுக்கு டிக்கெட்டு?”

“ஏட்டு எங்க அண்ணாரு. அவரு எப்பவோ ரிட்டையர் ஆயிட்டாரு. நான் அவரு தம்பி, எனுக்குக் கிழி.”

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏட்டையா தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நைனா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.