காலர் அக்காவின் நாற்பத்தொன்று

தையல் கம்பெனியில் அவளைக் காலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாகச் சட்டைக்குக் காலர் வைப்பது ஒன்றே வேலை. கழுத்து வலி, இடுப்பு வலி எல்லாம் வந்து குடியேறிவிட்டன. போகச் சொன்னால் ஒன்றும் போவதாக இல்லை.

மணிக்கு எழுபது காலர் என்பது கணக்கு. பக்கத்து மெஷின்காரி ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. எழுபதையே முக்கி முனகித்தான் முடிப்பாள். இப்போது கணக்கை மாற்றப் போகிறார்களாம். நேரம் பார்க்கிறவர் வந்து அக்கா தைப்பதை ஏழு தடவை அளப்பார். ஏழில் எந்த எண் அதிகத் தடவை வருகிறதோ, அதுதான் எல்லோருக்கும் நேரம். பள்ளிக்கூடத்தில் முகடு என்று சொல்லிக்கொடுப்பார்களே, அந்தச் சனியன்தான். சராசரி எடுத்தால் நூல் அறுந்த நேரமும் சேர்ந்துவிடுகிறது என்று மேலிடத்துக்கு வயிற்றெரிச்சல்.

“உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்க்கா, ஆடி அசைஞ்சு தைங்க” என்றாள் பக்கத்து மெஷின்காரி.

“இதை நீ சொல்லணுமாடி? எனக்கு மட்டும் ஓடணும்னு ஆசையா? பாரு, எப்படி இழுக்கிறேன்னு.”

நேரம் பார்க்கிறவர் பின்னால் வந்து நின்றார். அக்கா துணியைத் திருப்பினாள், தடவினாள், இல்லாத பிசிறைத் தேடிப் பிடுங்கினாள். ஐம்பத்திரண்டு நொடி. அடுத்த காலரில் மனசு வீட்டுக்குப் போய்விட்டது. துவைக்காமல் கிடக்கும் துணி, உலை வைக்காத அடுப்பு. கை தன் பாட்டுக்கு ஓடி முடித்திருந்தது. நாற்பத்தொன்று. ஐயோ என்று உதறிக்கொண்டு மறுபடி இழுத்தாள். நாற்பத்தேழு. பிறகு ஐம்பத்தாறு. நடிக்கவும் உடம்பில் தெம்பு வேண்டாமா? அசந்த நேரத்தில் கை மறுபடி முந்திக்கொண்டது. நாற்பத்தொன்று. சுதாரித்து ஒன்று, நாற்பத்தொன்பது. கடைசியில் பாழாய்ப்போன அதே நாற்பத்தொன்று.

“என்ன கைம்மா உங்க கை! மூணு தடவையும் ஒரு நொடி பிசகல” என்று அவர் மனதார மெச்சினார். “நாற்பத்தொண்ணு. அப்போ மணிக்கு எண்பத்தேழு.”

“சார், மத்த நாலும் அதுக்கு மேலதானே?”

“அது நாலும் நாலு விதமா இருக்கேம்மா. அதிகமா வந்ததைத்தானே நான் எழுத முடியும்?”

அவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அக்காவுக்குத் தன் கை மேல்தான் ஆத்திரம். மேசையில் ஓங்கி அறையலாம் போலிருந்தது, அதற்கும் தெம்பில்லை.

பக்கத்து மெஷின்காரி திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை. காலடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறக்காமலே பைக்குள் போட்டாள்.

“ஏண்டி, குடிக்கலையா?”

“குடிச்சா எந்திரிச்சுப் போகணுமேக்கா. எண்பத்தேழுல எங்க போறது?”